கோப்பைகள் பேசவில்லை

அதிகாலை நான்கரை.
இடப்பக்கம் புரண்டு படுத்தேன்;
வீடும் கூடவே புரண்டது.

வால்பரைசோக்காரி இதற்கெல்லாம் அலறுவதில்லை.
முதலில் விளக்கைப் பார்ப்போம்.
அது எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்து
எழுந்து கதவைத் திறந்து வைப்பதா,
போர்வையை இழுத்துக்கொள்வதா என்று
முடிவெடுப்போம்.

விளக்கு ஆடவில்லை, ஓடியது.
அதைத் துரத்திக்கொண்டு சுவரும் ஓடியது.
கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி
ஏழு, ஏழரை அளவு இருக்கும் என்று
கணக்குப் போட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது,
காதில் எதுவுமே விழவில்லை.
அலமாரிக் கோப்பைகள் பேசவில்லை.
தெருநாய்கள் பேசவில்லை.
நாலு அளவுக்கே உள்ளாடையோடு வாசலுக்கு ஓடிவரும்
கீழ்வீட்டு எர்மோஹெனெஸ்
சன்னமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காதும் காதும் வைத்தாற்போல
ஊரில் ஒருத்திக்கு மட்டும் நிலநடுக்கம்.

முப்பத்தொரு வருஷம் இந்தக் குன்றுகளில்
கடிதம் சுமந்தவள் நான்.
நடுவில் உடைந்த படி, வழுக்கும் படி,
கணக்கில் வராத அரைப்படி,
எல்லாம் என் முழங்காலுக்கு மனப்பாடம்.
அப்படிப்பட்டவள் கழிவறைக்குப் போகச்
சுவரைக் கெஞ்சினேன்.

மூளையில் கட்டி என்று நானே தீர்ப்பெழுதி,
சேமிப்புப் புத்தகம் எங்கே,
பூனை யாருக்கு,
எர்மோஹெனெஸிடம் நிற்கும் ஏணியை யார் வாங்குவது
எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துவிட்டு
சுகாதார நிலையத்துக்கு இறங்கினேன்,
கைப்பிடிக் கம்பியைத் தழுவித் தழுவி.

யாஸ்னா வுகாசிச், இயன்முறை மருத்துவர்,
என்னைச் சாய்த்து, துள்ளும் என் கண்களைப் பார்த்து,
"கல்" என்றாள்.
"சிறுநீரகத்திலா?"
"காதில்."

கேட்கும் நத்தைக்குப் பக்கத்துவீட்டில்
ஒரு கூழ் மெத்தை இருக்கிறதாம்.
அதன்மேல் மாவுத்துகள் போலச் சுண்ணாம்புக் கற்கள்.
குனிந்தால் அவை சரியும்.
மின்தூக்கி கிளம்பினால் அழுந்தும்.
மேல் எது, கீழ் எது என்று
அவற்றைக் கேட்டுத்தான் நாம் நிற்கிறோமாம்.
வயது ஏற ஏறக் கூழின் பிடி தளரும்;
ஒன்றிரண்டு கழன்று
பக்கத்து வளைகுழாய்க்குள் இறங்கிவிடும்.
படுத்துக் கிடப்பவளுக்கு
'நீ சுழல்கிறாய்' என்று தந்தி போகும்.

விலாசம் தப்பிய தபால்!
இதை முதலிலேயே சொல்லியிருந்தால்
தாளை வீணாக்கியிருக்க மாட்டேன்.

திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது.
என் தலையைப் பழுத்த பூசணிபோல ஏந்தி
இடப்பக்கம் திருப்பினாள்;
கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள்.
அறை கிளம்பியது. பற்களைக் கடித்தேன்.
அறை களைத்து நின்றது.
இனி வலப்பக்கம். காத்திரு.
இனி முழு உடம்பும் வலப்பக்கம், மூக்கு தரையை நோக்கி.
காத்திரு.
எழு.

அவ்வளவுதான். மாத்திரை இல்லை, ஊசி இல்லை.
தலையைச் சாய்த்து ஒரு கல்லை
வீட்டு வாசலில் விட்டுவிட்டாள்.

ஆனால் விடவில்லை.
"ஒற்றைக்காலில் நில்லுங்கள்."
நின்றேன், தலைக்கனத்தோடு.
"கண்ணை மூடுங்கள்."
நான்கு எண்ணுவதற்குள் அவள் தோளில் விழுந்தேன்.

கண், காது, உள்ளங்கால்
மூவரும் கலந்து பேசித்தான் உடம்பை நிறுத்துகிறார்களாம்.
ஒருவர் தளர்ந்தால் மற்றவர் சுமக்க வேண்டும்;
சுமக்கப் பழக்க வேண்டும்,
அறுபத்தெட்டிலும் அது பழகும் என்றாள்.
தடித்த செருப்பில்
என் உள்ளங்கால் வருஷக்கணக்காகத்
தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பல் துலக்குவது வெறுங்காலில்.
மேல்வரிசைக்கு வலக்கால்,
கீழ்வரிசைக்கு இடக்கால்.
ஒரு விரல் மட்டும் தொட்டிவிளிம்பில்.
கணுக்கால் நடுங்கும், திருத்தும்,
மறுபடி நடுங்கும்.
நிற்பது என்றால் அசையாதிருப்பது என்றுதான்
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை, கீழ்வரிசை,
இடக்கால்.
தரை லேசாகத் தள்ளியது.
எனக்கு நெஞ்சே நின்றது:
மறுபடியும் கல்லா?

அலமாரியில் கோப்பைகள் கலகலவென்று பேசின.
நாய்கள் குரைத்தன.
கீழே கதவு திறந்தது, எர்மோஹெனெஸின் வெள்ளைத் தொடைகள்
வாசலுக்கு வந்தன.

அப்பாடா, பூமிதான்!
வாயில் நுரையோடு சிரித்தேன்.
அப்புறம்தான் கவனித்தேன்,
இன்னொரு காலை
இன்னும் கீழே வைக்கவில்லை.